கசக்கிக் கட்டாத கச்சை

36 வயதில் அடிமுறை என்ற தற்காப்புக் கலையைப் பழகப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "கையக் கால ஒடிச்சுக்கிட்டு வந்து கெடந்தா ஆரு மக்கா பாக்கது?" மனைவி வளைகுடாவில் செவிலியராக இருக்கிறாள், வீட்டில் அம்மாவும் ஆறு வயது மகளும் நானும் மட்டுமே என்பதால் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பயிற்சிக்கூடமான களரியில் ஒன்றரை ஆண்டு பழகியும் என் கையும் ஒடியவில்லை, காலும் ஒடியவில்லை. என்னை ஏழு மாதம் முடக்கிப் போட்டது ஒரு படர்தாமரை. அந்த ஏழு மாதத்தில் 18,900 ரூபாய் செலவானது. ஆயுதபூசை அன்று ஆசான் முன்னிலையில் குறுந்தடி வீசிக் காட்ட வேண்டிய முறை எனக்குத் தவறிப்போனது. மூன்று மாதம் மகளைப் பக்கத்தில் படுக்க வைக்கவும் முடியாமல் போனது. அடியும் சுளுக்கும் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று களரியில் எல்லோரும் சொல்லித் தந்தார்கள். தோலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குளிப்பதில் குறை வைக்கிற ஆள் அல்ல நான். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு குளியல், மாலையில் பயிற்சி முடிந்து வீடு திரும்பியதும் ஒரு குளியல், வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய்க் குளியல் என்று ஒழுங்காகவே இருந்தேன். ஆகவே ஜூன் மாதம் இரண்டாம் வாரத்தில், பயிற்சிக்கு இறுக்கிக் கட்டும் துணியான கச்சையின் விளிம்பு உரசும் தொடையிடுக்கில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்த வட்டம் ஒன்றைப் பார்த்தபோது, அது கச்சை உரசியதால் வந்த தடிப்பு என்றே நினைத்தேன். வட்டத்தின் ஓரம் மட்டும் சற்று மேடாக, பொடிப்பொடியாகச் செதில் உரிந்து இருந்தது. நடுவில் தோல் ஏறக்குறைய இயல்பாக இருந்தது. இந்த வடிவம்தான் படர்தாமரையின் கையெழுத்து என்பதும், ஓரம் மேடாகி நடு தெளிந்து வட்டம் விரிந்துகொண்டே போனால் அதை உரசல் என்று விட்டுவிடக் கூடாது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. இரவில் படுத்ததும் அரிப்பு தொடங்கும். சொறிந்தால் ஒரு நிமிடம் சுகமாக இருக்கும், அதன் பிறகு எரியும்.

பயிற்சி நாள்களில் நான் செய்துகொண்டிருந்ததை இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். ஜூன் தொடங்கிவிட்டால் கொடியில் போட்ட சாரம் (லுங்கி) மூன்று நாள் ஆனாலும் ஈரவாடையோடுதான் இருக்கும். ஒரு மணி நேரம் சுவடு என்னும் காலடி வரிசைகளை வைத்து, அதன்பின் இருவர் இருவராகப் பிடித்து மடக்கும் பூட்டுகளைப் பிரித்துப் பழகி முடிக்கும்போது கச்சையைப் பிழிந்தால் வியர்வை சொட்டும். அதை அவிழ்த்து, சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு வண்டியின் இருக்கைக்கு அடியில் வைத்து மூடிவிடுவேன். மறுநாள் மாலை அதே கச்சையை எடுத்து உதறிக் கட்டிக்கொள்வேன். துவைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். களரிச் சுவரில் கட்டியிருந்த ஒரே கயிற்றில் பதினான்கு பேருடைய துவர்த்து என்னும் துண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். இருட்டில் கைக்கு அகப்பட்டதை எடுத்து முகம் துடைத்த நாள்களும் உண்டு. "கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று அம்மா சிறுவயதிலிருந்தே சொல்லிவந்த பழமொழியில் முதல் பாதியை மட்டும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை, தோலின் மேலடுக்கிலும் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்வது. உடலிலிருந்து உதிரும் செதில்களோடு அது துணியிலும் பாயிலும் சீப்பிலும் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஈரமும் சூடும் கிடைத்தால் மீண்டும் முளைக்கும். நான் தினமும் உடம்பைக் கழுவிவிட்டு, அந்தப் பூஞ்சைக்கு வண்டி இருக்கையின் அடியில் ஒரு பண்ணை நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலையில் மருந்துக்கடைக்குப் போனேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அரிப்புக்கு ஒரு க்ரீம்" என்றேன். எங்கே, எத்தனை நாளாக என்று ஒரு கேள்வியும் இல்லாமல் ஒரு டியூப் கைக்கு வந்தது. தடவிய மூன்றாம் நாள் அரிப்பு நின்றது, சிவப்பு மறைந்தது. கைகண்ட மருந்து என்று மகிழ்ந்தேன். நிறுத்திய ஒரு வாரத்தில் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. மீண்டும் ஒரு டியூப். இப்படியே அக்டோபர் வரை ஒன்பது டியூப். அதற்குள் வட்டம் வட்டமாக இருக்கவில்லை. ஓரம் தெளிவில்லாமல் குழம்பி, ஒரு திட்டு இன்னொரு திட்டோடு சேர்ந்து, வயிற்றின் கீழ்ப்பகுதி, பிட்டம், இடது முன்னங்கை என்று பரவியிருந்தது. தொடையிடுக்கில் தோல் வெங்காயத் தாள்போல மெலிந்து, பிள்ளை பெற்றவர்களின் வயிற்றில் தெரிவதுபோன்ற கோடுகள் விழுந்திருந்தன. அந்தக் கோடுகள் இன்றும் இருக்கின்றன.

அந்த டியூபில் என்ன இருந்தது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். குளோபிட்டசால் என்ற வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, பூஞ்சைக்கு ஒரு மருந்து என மூன்றையும் கலந்த க்ரீம் அது. சிவப்பும் அரிப்பும் பூஞ்சையை எதிர்த்து நம் உடல் போடும் சண்டையின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. நமக்குச் சுகமாகத் தோன்றும்போதே பூஞ்சை தடையின்றிப் படர்கிறது. நோயின் வடிவமே மாறிவிடுவதால் பிறகு பார்க்கும் மருத்துவருக்கும் அதை அடையாளம் காண்பது கடினமாகிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை விற்கக் கூடாது என்று 2018 ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு அவற்றை எச் அட்டவணையில் சேர்த்துவிட்டது. சேர்த்து என்ன பயன், என்னைப் போன்றவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறோம், கடைக்காரர்களும் எடுத்துத் தருகிறார்கள். டியூபின் மேல் பொடி எழுத்தில் உள்ள பெயர்களைப் படித்துப் பாருங்கள். குளோபிட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால், எவ்வளவு அரித்தாலும் மருத்துவர் சொல்லாமல் அதைப் படர்தாமரையின் மேல் தடவாதீர்கள்.

மனைவி செவிலியராக இருக்க ஏன் அவளிடம் கேட்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். உண்மையைச் சொல்கிறேன். கடலுக்கு அப்பால் இருப்பவளிடம், தொடையிடுக்கில் புண் வந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவள் வேறு மாதிரி நினைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம். ஆசானிடம் சொல்லவும் வாய் வரவில்லை; களரிக்குள் வலது கால் வைத்து மண்ணைத் தொட்டு வணங்கி நுழைகிற இடத்தில் இதையா போய்ப் பேசுவது என்று தோன்றியது. ஆயுதபூசைக்கு இரண்டு நாள் முன்பு, அலுவலகத்தில் தணிக்கை நடக்கிறது, வர முடியாது என்று ஆசானுக்குத் தொலைபேசியில் பொய் சொன்னேன். அன்று மாலை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் பஞ்சில் நனைத்துப் புண் முழுவதும் வைத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மறுநாள் தோல் வெந்து கொப்பளித்தது. நடக்கக்கூட முடியாமல் இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். தரை துடைக்கவும் காயம் கழுவவும் நீர்த்துப் பயன்படுத்த வேண்டிய அந்தத் திரவம், தோலுக்குள் இருக்கும் பூஞ்சையை ஒன்றும் செய்யாது, தோலைத்தான் பொசுக்கும். அம்மாவிடம் 'சூட்டுக் கொப்புளம்' என்று சொல்லிவைத்தேன். அவர் வேலியோரம் நின்ற சீமையகத்தி இலையை அரைத்துக் கொண்டுவந்தார். சூட்டுக் கொப்புளத்துக்கு எவரும் சீமையகத்தி அரைப்பதில்லை, படைக்குத்தான் அரைப்பார்கள். அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

அந்த வாரத்திலேயே மகளுக்குக் கழுத்தில் ஒரு வட்டம் வந்தது. என் இடது கையைத் தலையணையாக வைத்துத்தான் அவள் உறங்குவாள். பள்ளியிலிருந்து வந்தவள், "அப்பா, டீச்சர் இது என்னன்னு கேட்டாங்க" என்று தலைமுடியை ஒதுக்கிக் காட்டினாள். அதைப் பார்த்த கணத்தில் என் வெட்கம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் அவளையும் அழைத்துக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவரிடம் போய் உட்கார்ந்தேன்.

அவர் முதலில் கேட்டது, இதுவரை என்ன தடவினீர்கள் என்பதுதான். மீதமிருந்த டியூபை எடுத்துப் போயிருந்தது நல்லதாயிற்று. நீங்களும் போகும்போது தடவியது எல்லாவற்றையும், தின்ற மாத்திரையின் அட்டையையும் மறைக்காமல் கொண்டுபோங்கள். முன்னங்கைத் திட்டின் ஓரத்திலிருந்து கத்தியால் இலேசாகச் செதில் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்து, பூஞ்சைதான் என்று உறுதி செய்தார். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை சில வாரங்களில் அடங்கிவிட்ட இந்த நோய் இப்போது இந்தியாவில் பிடிவாதமாகிவிட்டது என்றும், வழக்கமான டெர்பினபைன் மருந்துக்குக் கட்டுப்படாத வகைகள் பரவியிருக்கின்றன என்றும் சொன்னார். ட்ரைக்கோபைட்டான் இன்டோடினியே என்று 2020 இல் பெயர் சூட்டப்பட்ட அந்த வகைக்கு நம் நாட்டின் பெயரே ஒட்டிக்கொண்டிருப்பதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கல்லீரல் எப்படி இருக்கிறது என்று இரத்தப் பரிசோதனை செய்து பார்த்த பிறகே எனக்கு இட்ராகோனசோல் மாத்திரை தந்தார்; சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும், வயிற்றெரிச்சலுக்குப் போடும் மாத்திரையோடு சேர்க்கக் கூடாது என்றார். க்ரீமைத் திட்டின் மேல் மட்டும் தடவாமல் அதன் விளிம்புக்கு வெளியே இரண்டு விரல் அகலத்துக்கு நல்ல தோலிலும் தடவ வேண்டும், முழுவதும் மறைந்த பிறகும் இரண்டு வாரமாவது தொடர வேண்டும் என்றார். மகளுக்குக் க்ரீம் மட்டுமே போதுமாக இருந்தது. தலைமுடிக்குள் போயிருந்தால் அவளுக்கும் மாத்திரை வேண்டியிருக்கும் என்றார். அம்மாவையும் அழைத்துவரச் சொன்னார். அவருக்கு விரலிடுக்கில் இருந்தது. வீட்டில் ஒருவர் விடாமல் ஒரே நேரத்தில் மருந்து எடுக்காவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். மருத்துவருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தள்ளிப் போடுபவர்கள் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். ஜூலையிலேயே நான் அங்கே போய் வரிசையில் நின்றிருந்தால் ஒரு காலைப்பொழுதோடு முடிந்திருக்கும்.

அன்றிரவு மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியது நான் பயந்த காரணத்துக்காக அல்ல. "நான் தெனமும் பாக்குறதே இதத்தான், என்கிட்ட சொல்ல உங்களுக்கு நாலு மாசமா?" என்று கேட்டாள். பிறகு வீட்டுச் சலவையை அவளே அங்கிருந்து கைப்பேசியில் நடத்தினாள். என் துணி, மகளுடைய துணி, அம்மாவுடையது என்று மூன்று வாளி. என் உள்ளாடை, கச்சை, துவர்த்து, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் அண்டாவில் கொதிக்கவிட்ட தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டுத் துவைத்தேன். 60 பாகை செல்சியஸுக்குக் குறையாத சூடு இருந்தால்தான் பலன். காயப்போடும்போது உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட வேண்டும், ஏனென்றால் தோலில் பட்ட பக்கத்துக்குத்தான் வெயில் வேண்டும். மழை விடாத நாள்களில் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்துத் தையல் ஓரங்களையும் இடுப்புப் பட்டியையும் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தேன், ஈரம் ஒளிந்திருப்பது அங்கேதான். குளித்தபின் துடைப்பதற்கும் ஒரு முறை கற்றுக்கொண்டேன்: மேலுடம்புக்கு ஒரு துண்டு, தொடையிடுக்குக்கும் காலுக்கும் வேறொரு துண்டு; கால்விரல் இடுக்குகளைத் தனித்தனியாக ஒற்றி எடுத்த பிறகே உடுத்துவது. காலில் சேற்றுப்புண் உள்ளவர்கள் முதலில் காலுறையை மாட்டிக்கொண்டு அதன்பிறகு உள்ளாடை அணிய வேண்டும் என்று அவள் சொன்னபோது கேலி என்று நினைத்தேன். பாதத்திலிருக்கும் பூஞ்சை, உள்ளாடையைக் காலில் நுழைக்கும்போது அதில் ஒட்டி மேலே ஏறிவிடும் என்பதுதான் காரணம். இறுக்கமான நைலான் உள்ளாடைகளையும் மூன்று பழைய கச்சைகளையும் தூக்கி எறிந்தேன்.

ஆசானிடம் போய்ச் சொல்ல இன்னும் ஒரு வாரம் பிடித்தது. களரி முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்து, முன்னங்கையை நீட்டிக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "எடே, அடிபட்டா ஓடி வந்து காட்டத் தெரியுதுல்லா? இதச் சொல்லுகதுக்கு என்னடே நாணம்?" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, போன ஆண்டு மழைக்காலத்தில் சொல்லாமல் நின்றுபோன இரண்டு பையன்களைப் பற்றிச் சொன்னார். அவர்களுக்குக் கலையில் ஆர்வம் குறைந்துவிட்டது என்றே அவர் இத்தனை நாளும் எண்ணியிருந்தார். பூட்டுப் பிரிக்கும்போது ஒருவன் முன்னங்கை இன்னொருவன் கழுத்தில் அழுந்திப் புரள்கிறது. மல்யுத்த வீரர்களிடம் இந்த நோய் அதிகம் காணப்படுவதால் மருத்துவத்தில் இதற்கு டினியா கிளாடியேட்டோரம் என்று தனிப்பெயரே உண்டு. அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில், தோலில் படர்தாமரை உள்ள மாணவன் குறைந்தது 72 மணி நேரம் மருந்து எடுத்த பிறகே களம் இறங்கலாம் என்று விதி இருக்கிறது. நம்மிடையே இப்போது இருக்கும் பிடிவாதமான வகைக்கு அந்த மூன்று நாள் போதாது என்பது என் அனுபவம்.

ஆசான் எதையும் உடனே ஏற்றுக்கொள்கிறவர் அல்லர்; ஆனால் அடுத்த வாரமே கயிறு போய்விட்டது. சுவரில் ஒரு முழ இடைவெளியில் பதினான்கு ஆணிகள் வந்தன. பயிற்சிக்கு முன் எல்லோரும் கைவிரல்களை நீட்டிக் காட்ட வேண்டும். நகம் வளர்ந்திருந்தால் அங்கேயே வெட்ட வேண்டும், ஏனென்றால் ஒரு கீறல் போதும் கிருமி உள்ளே நுழைய. எண்ணெய் விஷயத்தில்தான் அவரோடு நான் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. உடம்பில் புரட்டும் எண்ணெயை ஒரு வெண்கலக் கிண்ணத்தில் ஊற்றி வைப்பது அங்கே வழக்கம். எல்லோரும் அதில் கைவிட்டு எடுத்துத் தேய்த்து, மீண்டும் அதே கையை விடுவார்கள். மருந்தெண்ணெயில் கிருமி நிற்காது என்றார். நிற்குமோ நிற்காதோ, சொறிந்த கையை நானே அதில் நான்கு மாதம் விட்டிருக்கிறேன் என்று சொன்னேன். இப்போது குப்பியிலிருந்து உள்ளங்கையில் ஊற்றிக்கொள்கிறோம்.

மழைக்காலத்தில் மண் தரை நனைந்துவிட்டால் பக்கத்துக் கூடத்தில் ரப்பர் பாய் விரித்துப் பழகுவோம். அந்தப் பாயில் காலையில் கராத்தே பிள்ளைகள் உருண்டிருப்பார்கள். கழிவறைக்கு வெறுங்காலோடு போய்வந்து அப்படியே ஏறுகிறவர்களும் உண்டு. பாயைக் கிருமிநாசினி கொண்டு துடைத்தாலும், துடைத்த கையோடு உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டால் பயனில்லை. குப்பியின் மேல் எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நிமிடம் ஈரமாகவே கிடந்தால்தான் கிருமி சாகும். பாய்கள் கோத்துக்கொள்ளும் விளிம்புகளிலும் வெடிப்புகளிலும் அழுக்குச் சேரும், வாரம் ஒருமுறை பிரித்துக் கழுவி வெயிலில் சாய்த்து வைக்க வேண்டும். மண் தரையை இப்படிக் கழுவ முடியாது. அங்கே உதவுவது வெயிலும் காற்றும், அத்துடன் காயத்தை மூடிக்கொண்டு இறங்குகிற பழக்கமும்தான். களரி முடிந்து சானல் என்கிற கால்வாயில் இறங்கி ஒரு முங்கு முங்கிவிட்டு வருவது குளியல் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; சோப்புப் போட்டு, நல்ல தண்ணீரில் அலசி, உலர்ந்த துணி மாற்ற வேண்டும். இதில் எங்கள் களரியின் மூன்று பெண் பிள்ளைகள் பட்ட பாடு எவர் கண்ணிலும் பட்டிருக்கவில்லை. துணி மாற்ற ஒரு மறைவு இல்லாததால் அவர்கள் ஈர உடுப்போடு அரை மணி நேரம் பேருந்தில் நின்று வீடு போயிருக்கிறார்கள். தகரம் அடித்து ஒரு மூலையை மறைக்க 2,000 ரூபாய்கூட ஆகவில்லை.

வட்டமாக வருவதெல்லாம் பூஞ்சை, கொப்பளித்து வருவதெல்லாம் சூடு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. எங்களோடு பழகும் ஒரு தம்பி முழங்காலில் வந்த கட்டியை, வேனல் கட்டிதானே என்று கையால் பிதுக்கிவிட்டான். இரண்டாம் நாள் முழங்காலைச் சுற்றிச் சிவந்து சூடேறி, காய்ச்சல் வந்து, மருத்துவமனையில் கீறிச் சீழ் எடுக்க வேண்டியதாயிற்று. அது பாக்டீரியாவின் வேலை, ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாதது. சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் மூன்றில் எது வந்தாலும் களரியையும் மறந்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், எவருக்காவது உதவும். வீணாய்ப் போன ஒன்பது டியூபுக்கு 1,100 ரூபாய். மருத்துவரை ஐந்து முறை பார்த்ததற்கு 2,500. மூன்று பேருக்கான மாத்திரைக்கும் க்ரீமுக்கும் 11,600. இரண்டு முறை இரத்தப் பரிசோதனைக்கு 1,400. புதுத் துணிகளுக்கு 2,300. முதல் மாதமே போயிருந்தால் இதில் நாலில் ஒரு பங்கில் முடிந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். பதினொரு வாரம் மருந்து எடுத்தேன். ஆறாம் வாரத்தில் தோல் தெளிந்துவிட்டது போலத் தோன்றியபோது நிறுத்திவிடலாமா என்று மனம் ஆசைப்பட்டது. அம்மாதான் மாத்திரை அட்டையைத் தன் முந்தானையில் முடிந்துவைத்து எண்ணி எண்ணித் தந்தார்.

ஜனவரி இரண்டாம் வாரம் களரிக்குத் திரும்பினேன். முதல் பத்து நாள் ஆசான் என்னைத் தனியே ஒரு மூலையில் ஒற்றைச் சுவடு மட்டும் வைக்கவிட்டார், எவரோடும் பூட்டுக்கு விடவில்லை. பதினோராம் நாள் நான் கேட்காமலே முன்னங்கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எதிரே ஒருவனை நிறுத்தினார்.